அரசுப் பேருந்து ஓட்டுநர் வேலை: சம்பளம் எவ்வளவு, பொறுப்பு எவ்வளவு?

சென்ற 2025 மார்ச் மாதம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 3,274 ஓட்டுநருடன் நடத்துநர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டன. அன்று முதல் நம் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் நெல் பழ நோய்க்கும் தென்னை வெள்ளை ஈக்கும் நடுவே இந்த வேலை பற்றியும் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. "பையன் பத்தாவது முடித்திருக்கிறான், டிராக்டர் நன்றாக ஓட்டுவான், பஸ் டிரைவர் ஆக முடியுமா?" என்பது ஒரு வகை. "வேலை வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார், முக்கால் ஏக்கரை விற்றால் பணம் கட்டிவிடலாம், செய்யலாமா?" என்பது இன்னொரு வகை. இரண்டாவது கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை. விற்க வேண்டாம். ஏன் என்பதைச் சொல்ல, இந்த வேலைக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

தமிழ்நாட்டில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எட்டு. சென்னை மாநகரப் பேருந்துகளுக்கு ஒன்று, தொலைதூர விரைவுப் பேருந்துகளுக்கு ஒன்று. மீதி ஆறும் விழுப்புரம், சேலம், கோயம்புத்தூர், கும்பகோணம், மதுரை, திருநெல்வேலி ஆகிய ஊர்களைத் தலைமையிடமாகக் கொண்டவை. ஏறத்தாழ இருபதாயிரம் பேருந்துகள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள். 1972-ல் தனியார் பேருந்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டபோது தொடங்கிய வரலாறு இது. கிராமத்துப் பிள்ளைகள் பட்டப்படிப்பு இல்லாமல் போய்ச் சேரக்கூடிய பெரிய அரசுத்துறை வேலைகளில் இதுவும் ஒன்று. அதனால்தான் இதற்கு இவ்வளவு போட்டி. இடைத்தரகர்கள் நடமாடுவதும் அதனால்தான்.

18 வயதில் தொடங்கி 24 வரை

சென்ற ஆண்டு அறிவிப்பில் கேட்ட தகுதிகள் இவை: பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, தமிழ் எழுதப் படிக்கத் தெரிதல், செல்லுபடியாகும் கனரக வாகன ஓட்டுநர் உரிமம், நடத்துநர் உரிமம், முதலுதவிச் சான்று, கனரக வாகனம் ஓட்டிய 18 மாத அனுபவம். குறைந்தது 160 செ.மீ. உயரம், 50 கிலோ எடை, குறையில்லாத கண்பார்வை. வயது 24 நிரம்பியிருக்க வேண்டும். பொதுப்பிரிவினருக்கு 40 வரையும், பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியலினப் பிரிவினருக்கு 45 வரையும் வரம்பு. எழுத்துத் தேர்வு, ஓட்டிக்காட்டும் தேர்வு, நேர்காணல் என்று மூன்று கட்டம். அடுத்த அறிவிப்பில் இவற்றில் ஒன்றிரண்டு மாறலாம். பெரிய மாற்றம் இருக்காது.

படிக்கும்போது எளிதாகத் தெரியும். ஆனால் இந்தத் தகுதிகளை ஒரே மாதத்தில் சேர்க்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயதில் இலகுரக வாகன உரிமம் எடுக்கலாம். அதை ஓராண்டு வைத்திருந்தால்தான் போக்குவரத்து வாகனத்துக்கான பழகுநர் உரிமமே கிடைக்கும். 20 வயது ஆகாமல் எந்தப் போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டக்கூடாது. அதன்பிறகு 18 மாத அனுபவம். ஆக, பையனுக்கு 18 ஆகும்போதே முடிவெடுத்து ஒவ்வொன்றாக எடுத்தால் 24-ல் எல்லாம் கையில் இருக்கும். பலர் அறிவிப்பு வந்தபிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஓடுகிறார்கள். அதற்குள் விண்ணப்பத் தேதி முடிந்துவிடும்.

டிராக்டர் ஓட்டுவது வீண் என்று சொல்லவில்லை. சேற்றிலும் வரப்பிலும் வண்டியை நிதானமாகக் கையாண்ட கைக்கு ஸ்டீயரிங் பழக்கம் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கனரக அனுபவம் என்று அதைக் காட்ட முடியாது. லாரியோ, கல்லூரிப் பேருந்தோ, தனியார் பேருந்தோ ஓட்டியிருக்க வேண்டும். ஓட்டியதற்கு முதலாளியிடம் எழுத்தில் சான்று வாங்கியிருக்க வேண்டும். வேலையை விட்டு இரண்டு வருடம் கழித்துப் போய்க் கேட்டால் பல முதலாளிகள் தரமாட்டார்கள். வேலை பார்க்கும்போதே வாங்கி வைப்பது நல்லது. பயிற்சிக்குக் கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக வாகன ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. ஊரில் உள்ள ஓட்டுநர் பள்ளியில் நான்கு நாள் சுற்றிவிட்டு உரிமம் வாங்குவதற்கும் அங்கே முறையாகக் கற்றுக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம், ஓட்டிக்காட்டும் தேர்வில் தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கனரக உரிமத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் பையனைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தூரப்பார்வை மட்டும் போதாது, நிறப்பார்வையையும் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறை உள்ள பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்த்திருப்பான். ஆண்களுக்குத்தான் இது அதிகம் வரும். ஆறு வருடம் உழைத்துவிட்டு மருத்துவப் பரிசோதனையில் திரும்பி வருவதைவிட, அரசு மருத்துவமனையில் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்வது மேல்.

கைக்கு வருவது

அறிவிப்பில் சொன்ன ஊதிய விகிதம் ரூ.17,700 முதல் ரூ.56,200 வரை. இதில் முதல் எண்தான் சேர்பவருக்குப் பொருந்தும். பின்னது பல ஆண்டு ஊதிய உயர்வுக்குப் பிறகு எட்டும் உச்சவரம்பு. இடைத்தரகர் சொல்வது எப்போதும் பின்னதைத்தான்! அடிப்படை ஊதியத்துடன் அகவிலைப்படி சேரும். 2025 தொடக்கத்தில் மாநில அரசு ஊழியர்களுக்கு இருந்த 55 சதவிகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் 17,700 உடன் 9,735 சேர்ந்து ரூ.27,435 ஆகும். வீட்டு வாடகைப்படி போன்றவை இதற்கு மேல். ஓய்வூதியப் பங்களிப்பு, கடன் சங்கத் தவணை போன்றவை இதிலிருந்து பிடிக்கப்படும். பயிற்சி, தகுதிகாண் காலத்தில் என்ன தொகை என்பதை நியமன ஆணையில் வரிவரியாகப் படித்துக்கொள்ள வேண்டும்.

ஊதியம் உயர்வது தொழிற்சங்கங்களும் நிர்வாகமும் போடும் ஒப்பந்தத்தின்படி. 2022 ஆகஸ்ட்டில் கையெழுத்தான 14-வது ஒப்பந்தத்தில் 5 சதவிகிதம், 2025 மே மாதம் கையெழுத்தான 15-வது ஒப்பந்தத்தில் 6 சதவிகிதம் உயர்வு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்று இருந்த ஒப்பந்தக் காலம் நான்கு ஆண்டாகிவிட்டது. பேச்சுவார்த்தை இழுத்தால் பேருந்து நிற்கும். 2024 ஜனவரியில் பொங்கலுக்கு முன்பு நடந்த வேலைநிறுத்தம் நினைவிருக்கும். ஓய்வுபெற்றவர்களின் அகவிலைப்படி பாக்கியும் அன்று ஒரு கோரிக்கை. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம் இல்லை என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். மாமா வாங்கும் ஓய்வூதியத்தை மருமகனும் வாங்குவான் என்று கணக்குப் போட்டுப் பெண் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பேருந்தின் நிறத்தைப் பார்த்து முதலாளி யார் என்று முடிவு செய்யவும் கூடாது. சென்னையில் 2025 ஜூன் மாதம் ஓடத் தொடங்கிய மின்சாரப் பேருந்துகளில் நடத்துநர் மாநகரப் போக்குவரத்துக் கழக ஊழியர். ஓட்டுநர் ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர். மனிதவள நிறுவனங்கள் வழியாகவும் ஓட்டுநர்கள் எடுக்கப்படுகிறார்கள். 2023 மே மாதம் சென்னையில் திடீரெனப் பேருந்துகள் நின்றது இதை எதிர்த்துத்தான். ஒப்பந்த வேலை கேவலமில்லை, அனுபவத்துக்கு உதவும். ஆனால் 'அரசு வேலை' என்ற பெயரில் ஒப்பந்த வேலைக்குப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியமன ஆணையின் தலைப்பில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

எட்டு மணி நேரமும் இரவுத் தங்கலும்

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலைநேரத்தை வகுத்தது. தொலைதூர வழித்தடத்தில் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி வரை போகலாம். தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டியபின் குறைந்தது அரைமணி ஓய்வு. ஒருநாள் பணி முடிந்து அடுத்த நாள் பணி தொடங்க இடையில் 9 மணி நேரம். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் இந்தச் சட்டம் அடங்கிவிட்டது என்றாலும், எட்டு மணி நேரம், இரட்டிப்புக் கூலி என்ற இரண்டும் அங்கேயும் இருக்கின்றன.

ஏட்டில் எட்டு மணி. ஆனால் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை என்று பணியைப் பிரித்தால், நடுவில் இருக்கும் நேரத்தில் வீட்டுக்கும் போக முடியாது, பணிமனையில் நன்றாகத் தூங்கவும் முடியாது. கிராமத்துக்கு இரவு வந்து தங்கும் 'நைட் ஹால்ட்' பேருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது நமக்கு உயிர்நாடி. விடியற்காலை கத்தரிக்காய் மூட்டையும் கீரைக்கட்டும் சந்தைக்குப் போவது அதில்தான். அதை ஓட்டி வந்தவர் எங்கே தூங்குகிறார் என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்? பல ஊர்களில் பேருந்து இருக்கைதான் படுக்கை. கொசு, தெருநாய், மழைக்காலத்தில் ஒழுக்கு. கழிப்பறைக்கு ஏரிக்கரை. காலை ஐந்து மணிக்கு வண்டியை எடுத்தாக வேண்டும். ஊராட்சிக் கட்டடத்தில் ஒரு அறையும் மின்விசிறியும் தண்ணீரும் ஏற்பாடு செய்து கொடுத்தால், அது பேருந்துக்காரருக்குச் செய்யும் தர்மம் மட்டுமில்லை. அந்தப் பேருந்தில் போகப்போவது நம் பிள்ளைகள்.

விவசாயக் குடும்பத்திலிருந்து போகும் ஓட்டுநருக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் இரவில் வரும் ஊர்களில், பணி முடிந்து வந்தவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பாய்ச்சப் போவான். வீட்டில் வேறு ஆள் இருக்காது. "அரசாங்க வேலைக்காரன், பகலில் சும்மாதானே இருக்கிறான்" என்று அறுவடைக்கும் கூப்பிடுவார்கள். இரவில் மடை திருப்பிவிட்டு விடியற்காலை பேருந்து எடுப்பவனுக்கு, நேராக நீளும் சாலையில் இரண்டு நொடி கண் செருகினால் போதும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இரண்டு நொடியில் பேருந்து 33 மீட்டர் ஓடிவிடும். அந்த 33 மீட்டரில் ஓட்டுநர் என்று யாரும் இல்லை. நள்ளிரவுக்குப் பின் விடியும்வரை உடம்பு தானாகவே தூக்கத்தைக் கேட்கும். டீ குடித்தால் கொஞ்ச நேரம் தள்ளிப்போகும், தீராது. ஓட்டுநர் இருக்கும் வீட்டில் அவருடைய தூக்கத்தை உழவு, நடவு போல ஒரு வேலையாகவே வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் பாய்ச்ச ஆள் கூலி கொடுத்தாலும் அது நஷ்டமில்லை.

விபத்து நடந்தால்

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். எண்ணிக்கையில் அதிக விபத்துகள் பதிவான மாநிலம் நம்முடையதுதான். இப்படிப்பட்ட சாலையில் நாள் முழுக்க ஐம்பது அறுபது பேரை வைத்து ஓட்டுகிற வேலை இது.

கவனக்குறைவால் ஒருவர் இறந்தால் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 106(1) பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை. முன்பு இரண்டு ஆண்டாக இருந்தது. விபத்து நடந்தால் காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும் காவல் நிலையத்தில் தெரிவிப்பதும் ஓட்டுநரின் சட்டக் கடமை. கூட்டம் அடிக்க வந்தால் விலகிப் போகலாம். நேராகக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும், தலைமறைவாகக் கூடாது. நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் அது தனிக் குற்றம்.

நீதிமன்றம் ஒருபக்கம் என்றால் துறை விசாரணை இன்னொரு பக்கம். குற்றச்சாட்டுக் குறிப்பாணை, பணியிடை நீக்கம், ஊதிய உயர்வு நிறுத்தம் என்று அது போகும். பணியிடை நீக்கத்தில் இருக்கும் தொழிலாளிக்குப் பிழைப்பூதியம் தருவது கட்டாயம். 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாளுக்கு முக்கால் பங்கு, அதன்பிறகு முழுதும். குடும்பத்தில் பலருக்கு இது தெரியாமல் வட்டிக்கு வாங்கிவிடுகிறார்கள்.

நீதிமன்ற வாசலில் அரசுப் பேருந்து ஜப்தி ஆகி நிற்பதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். தனியார் வாகனங்களைப் போல மூன்றாம் நபர் காப்பீடு எடுப்பதிலிருந்து போக்குவரத்துக் கழகங்களுக்கு விலக்கு உண்டு. தங்கள் நிதியிலிருந்து இழப்பீடு தர வேண்டும். தீர்ப்பாயம் சொன்ன தொகை தாமதமானால் பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் போய்ப் பேருந்தை ஜப்தி செய்ய உத்தரவு வாங்குகிறார். உழைத்துக்கொண்டிருந்த மகனை இழந்த குடும்பத்துக்குக் கடைசியில் இருக்கும் வழி அதுதான். ஒரு நொடித் தூக்கம் இரண்டு வீட்டை அழிக்கிறது.

பொறுப்பு ஓட்டுநருடையது மட்டும்தானா? இல்லை. படிக்கட்டில் தொங்குவதை அனுமதிக்கக்கூடாது என்று சட்டம் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் சொல்கிறது. பள்ளி நேரத்தில் ஒரே பேருந்து வரும் ஊரில் அவர் யாரை இறக்கிவிடுவார்? கூடுதல் நடை கேட்டு கிராம சபையில் தீர்மானம் போட்டுக் கிளை மேலாளருக்கு அனுப்புவது நம் வேலை. டீசல் மிச்சம் பிடி, நேரத்துக்குப் போ, எல்லா நிறுத்தத்திலும் நில் என்று மூன்றையும் ஒரே ஆளிடம் கேட்கும் நிர்வாகத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

வந்த கடிதங்களிலிருந்து

*வேலைக்கு ஏழு லட்சம் கேட்கிறார்கள். பாதி முன்பணமாம். வேலை கிடைக்காவிட்டால் திருப்பித் தருவார்களாம்.*

இது ஒரு சூது. நூறு பேரிடம் வாங்கினால் அதில் பத்துப் பேர் தங்கள் மதிப்பெண்ணிலேயே தேர்வாவார்கள். அந்தப் பத்துப் பேரின் பணத்தை "நான்தான் வாங்கிக் கொடுத்தேன்" என்று எடுத்துக்கொள்வார், மற்றவர்களை அலைக்கழிப்பார். லஞ்சம் கொடுத்ததற்கு ரசீது கிடையாது. கொடுத்தவரும் சட்டத்தின் முன் சிக்கலில் மாட்டலாம். பத்தாண்டுக்கு முந்தைய போக்குவரத்துக் கழகப் பணி நியமனம் தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதை எல்லோரும் அறிவோம். அந்த ஏழு லட்சம் மாதம் 27,000 சம்பளத்தில் இரண்டு வருடத்துக்கும் மேலான முழு வருமானம். நிலம் போனால் திரும்ப வாங்க அந்தச் சம்பளம் போதாது. விண்ணப்பக் கட்டணத்தைத் தவிர ஒரு ரூபாயும் தர வேண்டாம்.

*மகள் வேன் ஓட்டுகிறாள். பெண்கள் விண்ணப்பிக்கலாமா?*

தாராளமாக. கன்னியாகுமரி மாவட்டத்தில் வசந்தகுமாரி 1993-லேயே அரசுப் பேருந்து ஓட்டுநராகச் சேர்ந்து, ஓய்வுபெறும் வரை ஓட்டினார். உங்கள் மகளுக்கு வேன் உரிமம் போதாது. கனரக உரிமமும் நடத்துநர் உரிமமும் இப்போதே எடுக்கச் சொல்லுங்கள். உடல்தகுதி விதிகளை அறிவிப்பு வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்.

*ஐ.டி.ஐ. முடித்த பையனுக்கு ஓட்டுநர் வேலையில் விருப்பமில்லை. பணிமனையில் வேலை உண்டா?*

உண்டு. பேருந்தின் பிரேக்கும் டயரும் சரியாக இருப்பது பணிமனைத் தொழில்நுட்பப் பணியாளர் கையில்தான் இருக்கிறது. டிப்ளமோ, பொறியியல் படித்தவர்களைப் போக்குவரத்துக் கழகங்கள் ஓராண்டுத் தொழிற்பழகுநராகவும் எடுக்கின்றன. உதவித்தொகை உண்டு; முடித்ததும் வேலை உறுதி என்று யாரும் எழுதித் தருவதில்லை. பழகுநர் சான்று வேறு இடங்களிலும் செல்லும்.

*அண்ணன் 19 வருடமாக அரசுப் பேருந்து ஓட்டுகிறார். சர்க்கரையால் பார்வை மங்கிவிட்டது. சொன்னால் வேலை போய்விடும் என்று மறைத்து ஓட்டுகிறார். என்ன செய்வது?*

இன்றைக்கே சொல்லச் சொல்லுங்கள். பணியில் இருக்கும்போது உடற்குறை ஏற்பட்ட அரசு நிறுவன ஊழியரைப் பணிநீக்கம் செய்யக்கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு சொல்கிறது. பழைய வேலைக்குத் தகுதி இல்லையென்றால் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும். பார்வைக் குறை அந்தச் சட்டம் சொல்லும் அளவை எட்டியிருக்கிறதா என்பதை மருத்துவக் குழு முடிவு செய்யும். நிறப்பார்வை குறைந்த தெலங்கானா பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கு மாற்றுப் பணி தரச் சொல்லி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. முதலில் அரசு மருத்துவமனையில் கண் பரிசோதனைச் சான்று வாங்கி, கிளை மேலாளருக்கு மனு எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் முத்திரையுடன் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மனு கொடுத்த நாளிலிருந்து அவர் ஸ்டீயரிங்கைத் தொட வேண்டாம். மருத்துவ விடுப்பு இருந்தால் அதை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கட்டும்.